3.4 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு கார்: ஜப்பானின் சிறு வாகனங்களும் அவற்றின் சிறு மாதிரிகளும்

ஜப்பானியத் தெருக்களின் படங்களைக் கூர்ந்து பார்த்தால், நெடுக்காக உயர்ந்த உடலும் குட்டிச் சக்கரங்களும் மஞ்சள் நிற நம்பர் பிளேட்டும் கொண்ட கார்கள் அடிக்கடி கண்ணில் படும். அவை 'கெய்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலகு வாகனப் பிரிவைச் சேர்ந்தவை. அந்நாட்டில் புதிதாக விற்கப்படும் வாகனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை இந்தப் பிரிவில்தான் அடங்குகின்றன. கெய் என்றால் என்ன, அது ஏன் அந்த வடிவில் இருக்கிறது, அதே காலத்தில் பிறந்த சிறு மோட்டார் சைக்கிள்களுக்கும் அதற்கும் என்ன உறவு, இவற்றை அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சுருக்கும்போது என்ன நேர்கிறது என்பவற்றை, வாகனத் துறையில் முன் அறிமுகம் இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் சட்டம். இன்றைய விதிப்படி கெய் வாகனத்தின் நீளம் 3.40 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், உயரம் 2.00 மீட்டரையும் தாண்டக் கூடாது. எஞ்சினின் கொள்ளளவு 660 சிசிக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் நான்கு பேர் அமரலாம். சரக்கு வாகனமாக இருந்தால் 350 கிலோ வரை ஏற்றலாம். இந்த வரம்புகளில் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் மீறினாலும் அது கெய் அல்ல, சாதாரணக் கார். அப்படி மீறாமல் இருப்பதற்குக் கிடைக்கும் பலன்கள் சிறியவை அல்ல. சொந்தப் பயன்பாட்டுக் கெய் காருக்கான ஆண்டு வரி 10,800 யென். ஒரு லிட்டருக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட சாதாரணப் புதுக் காருக்கு அது 25,000 யென். விரைவுச் சாலைகளில் சுங்கக் கட்டணமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜப்பானில் சாதாரணக் காரைப் பதிவு செய்ய வேண்டுமானால், அதை நிறுத்தத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது என்பதற்கான சான்றிதழைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். கெய் காருக்கு நகரங்களில் பின்னர் ஒரு தகவல் கொடுத்தால் போதும். கிராமப்புறங்கள் பலவற்றில் அதுவும் தேவையில்லை.

இங்கே தொடக்கநிலை வாசகர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். பொதுவாக ஒரு காரை வடிவமைப்பவர்கள், யார் வாங்குவார்கள், எவ்வளவு வேகம் வேண்டும், என்ன விலை என்று யோசித்து, அதற்கேற்ற அளவை முடிவு செய்கிறார்கள். கெய் காரில் அளவு முதலிலேயே முடிந்துபோன விஷயம். புள்ளிகளை வைத்துவிட்டு அவற்றுக்குள் கோலத்தை வளைப்பது போல, சட்டம் வரைந்த கட்டத்துக்குள் எவ்வளவு இடத்தையும் வசதியையும் திறனையும் அடைக்க முடியும் என்பதே அந்த வடிவமைப்பாளர்களின் ஒரே கேள்வி. ஆகவே கெய் காரைச் 'சிறிய மலிவுக் கார்' என்று மட்டும் புரிந்துகொள்வது பாதிப் புரிதலே. இன்று விற்பனையாகும் கெய் கார்களில் சில, அதே நிறுவனத்தின் பெரிய கார்களைவிட விலை கூடியவை.

கட்டம் வளர்ந்த வரலாறு

இந்தப் பிரிவு 1949இல் சட்டத்தில் இடம்பெற்றது. அப்போது நீள வரம்பு 2.8 மீட்டர், அகலம் ஒரே ஒரு மீட்டர், எஞ்சின் 150 சிசி. போரில் தோற்ற நாட்டில் பணமும் இரும்பும் பெட்ரோலும் பற்றாக்குறையாக இருந்த காலம் அது. அந்த வரம்புக்குள் உருப்படியான கார் ஒன்றைச் செய்ய எவராலும் முடியாததால் அடுத்தடுத்த ஆண்டுகளில் விதி தளர்ந்துகொண்டே போய், 1950களின் நடுவில் 3 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 360 சிசி என்ற இடத்தில் நிலைத்தது. நெசவுத்தறி செய்துவந்த சுசூகி நிறுவனம் 1955இல் 'சுசூலைட்' என்ற காரைக் கொண்டுவந்தது. ஆயினும் மக்கள் உண்மையில் வாங்கிய முதல் கெய் கார் என்று 1958இல் வெளிவந்த சுபாரு 360ஐத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காரைச் சற்று நின்று பார்க்கலாம். அதைச் செய்த ஃபுஜி கனரகத் தொழில் நிறுவனம், போர்க்காலத்தில் விமானம் கட்டிய நகாஜிமா நிறுவனத்தின் வழிவந்தது. வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஷின்ரோகு மொமோசே. தனியாக ஒரு சட்டகம் செய்து அதன் மேல் உடலைப் பொருத்தும் அன்றைய வழக்கத்தை விட்டுவிட்டு, விமானத்தைப் போல மெல்லிய தகடே சுமையைத் தாங்கும் உடலை அவர்கள் அமைத்தார்கள். காரின் உடல் எங்கும் உருண்டையாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல; தட்டையான மெல்லிய தகடு எளிதில் நெளியும், வளைத்த தகடு நெளியாது. கூரையைக் கண்ணாடி இழையால் செய்தார்கள். எஞ்சினைப் பின்னால் வைத்ததால் முன்னிருந்து பின்னுக்குச் சுழல்தண்டு கொண்டுபோக வேண்டியதில்லை, தரை தட்டையானது. சக்கரங்கள் 10 அங்குலம். மொத்த எடை ஏறத்தாழ 385 கிலோ. 356 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தந்தது வெறும் 16 குதிரைத்திறன்தான் என்றாலும், நான்கு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏற அது போதுமானதாக இருந்தது. மக்கள் அதற்குப் பொறிவண்டின் பெயரை வைத்துச் செல்லமாக அழைத்தார்கள். 1971 வரை அது உற்பத்தியில் இருந்தது.

பின்னர் ஹோண்டாவும் வந்தது. அந்நிறுவனத்தின் முதல் நான்கு சக்கர வாகனமே 1963இல் வெளிவந்த டி360 என்ற கெய் சரக்கு வண்டிதான். காய்கறி ஏற்றும் வண்டிக்குள், நிமிடத்துக்கு 8,500 சுற்றுகள் வரை சுழலும், பந்தயக் காருக்குரிய இரட்டைக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எஞ்சினை வைத்தவர்களின் மனநிலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 1967இல் வந்த என்360, காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் பாணி எஞ்சினைக் கொண்டு 31 குதிரைத்திறன் தந்தது. போட்டியாளர்கள் 20ஐ ஒட்டி நின்ற காலம் அது.

1970களின் தொடக்கத்தில் கெய் கார்களுக்கு இருந்த சலுகைகள் குறைந்தன. 16 வயதிலேயே கிடைத்துவந்த தனி ஓட்டுநர் உரிமம் 1968இலேயே நின்றுவிட்டது. 1973இல் கட்டாயத் தகுதிச் சோதனையும் வந்தது. விற்பனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஹோண்டா 1974இல் கெய் பயணிகள் கார்களைக் கைவிட்டு, 1985இல்தான் திரும்பி வந்தது. இடையில் 1976இல் வரம்பு 550 சிசியாகவும் 3.2 மீட்டராகவும் உயர்ந்திருந்தது. இந்தச் சரிவைத் திருப்பியது 1979இல் சுசூகி வெளியிட்ட ஆல்டோ. பயணிகள் காருக்கு அன்று விதிக்கப்பட்ட பொருள் வரி, வணிக வாகனத்துக்கு இல்லை என்பதைக் கவனித்த சுசூகி, ஆல்டோவின் பின் இருக்கையைச் சிறிதாக்கி, பின்புறத்தைச் சரக்கு வைக்கும் இடமாகக் காட்டி, அதை வணிக வாகனமாகப் பதிவு செய்தது. விலை 4,70,000 யென். வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள் அல்ல, கடைக்குப் போக வேண்டிய குடும்பப் பெண்கள். 1990இல் 660 சிசியும் 3.3 மீட்டரும், மோதல் பாதுகாப்புக்கு இடம் தருவதற்காக 1998இல் இன்றைய நீள அகலங்களும் நடைமுறைக்கு வந்தன.

64 குதிரைத்திறன்

எழுதப்பட்ட சட்டத்தோடு எழுதப்படாத வரம்பு ஒன்றும் இருக்கிறது. 1987இல் சுசூகி வெளியிட்ட ஆல்டோ வொர்க்ஸ், 543 சிசி எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போவைப் பொருத்தி 64 குதிரைத்திறனை எட்டியது. இதற்கு மேல் போட்டி போனால் அரசு தலையிடக்கூடும் என்று கருதிய நிறுவனங்கள், அந்த எண்ணையே உச்ச வரம்பாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. பெரிய கார்களுக்கு இருந்த 280 குதிரைத்திறன் ஒப்பந்தம் 2004இல் கைவிடப்பட்ட பின்னும், கெய் கார்களில் 64 அப்படியே தொடர்கிறது. 2022இல் வெளிவந்த நிஸான் சகுரா என்ற மின்சாரக் கெய் காருக்கு எஞ்சினே கிடையாது. மின்மோட்டாரின் திறனைத் தாராளமாகக் கூட்டியிருக்கலாம். அதுவும் 64இலேயே நிற்கிறது.

திறன் பூட்டப்பட்டால் விளையாட்டுக் கார் சாத்தியமில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஜப்பானியப் பொருளாதாரம் பொங்கி வழிந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1991இலும் 1992இலும் வெளிவந்த மூன்று கெய் கார்கள் அந்த நினைப்பைப் பொய்யாக்கின. ஹோண்டா பீட், டர்போ இல்லாமலேயே 8,100 சுற்றுகளில் தன் 64 குதிரைத்திறனைத் தந்தது. அதன் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், சக்கரங்களுக்கு நடுவில் இருந்தது. சுசூகி கப்புசீனோவில் கூரையைத் துண்டுகளாகக் கழற்றி டிக்கிக்குள் வைக்கலாம். மஸ்தா நிறுவனம் ஆட்டோஸாம் என்ற பெயரில் விற்ற ஏஇஸட்-1, பறவைச் சிறகாக மேல்நோக்கித் திறக்கும் கதவுகளோடு வந்தது. மூன்றில் அதிக ஆர்ப்பாட்டமான இந்தக் கடைசிக் கார்தான் விற்பனையில் மிகவும் பின்தங்கியது. இன்று ரசிகர்கள் தேடி அலைவதும் அதையே.

உயரம் என்ற மிச்சம்

விதியின் மூன்று அளவுகளில் நீளமும் அகலமும் எப்போதோ நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது உயரம்: வரம்பு 2 மீட்டர், அன்றைய கார்கள் பெரும்பாலும் 1.4 மீட்டரை ஒட்டி நின்றன. 1993இல் வெளிவந்த சுசூகி வாகன்ஆர் அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தியது. இருக்கையைச் சற்று உயர்த்தினால் பயணி கால்களை நீட்டாமல் நாற்காலியில் அமர்வது போல நிமிர்ந்து உட்காரலாம். அப்போது அதே நீளத்துக்குள் முழங்காலுக்கு இடம் கிடைத்துவிடும். இந்த எளிய கணக்குதான் இன்றைய கெய் காரின் உருவத்தைத் தீர்மானித்தது. 2003இல் டாய்ஹட்சு டாண்டோ இன்னும் உயர்ந்தது. அதன் 2007ஆம் ஆண்டுத் தலைமுறையில், இடப்பக்கக் கதவுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூணைக் கதவுகளுக்குள்ளேயே அமைத்து, இரண்டையும் திறந்தால் குழந்தை வண்டியை மடிக்காமல் உள்ளே தள்ளும் அளவுக்கு அகன்ற வாசலை உருவாக்கினார்கள்.

2011 இறுதியில் வந்த ஹோண்டா என்-பாக்ஸ் இந்த வழியின் உச்சம் என்பது என் கருத்து. 3.4 மீட்டர் நீளத்தில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மட்டும் 2.52 மீட்டர், அதாவது சக்கரங்கள் ஏறத்தாழ காரின் நான்கு மூலைகளுக்கும் தள்ளப்பட்டுவிட்டன. வழக்கமாகப் பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் டேங்கை முன் இருக்கைகளுக்குக் கீழே நகர்த்தினார்கள். அதனால் பின்பகுதியின் தரை தாழ்ந்து, பின் இருக்கைகளை மடித்தால் சைக்கிளைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே ஏற்ற முடிகிறது. இடம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், எங்கோ ஒரு டேங்க் சற்று நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கார்களில் குறை இல்லாமல் இல்லை. அகலம் குறைந்து உயரம் கூடிய உடல், விரைவுச் சாலையில் பக்கக் காற்றுக்கு அசைந்து கொடுக்கும். நான்கு பேருடன் மேட்டில் ஏறும்போது மூன்று சிலிண்டர் எஞ்சின் சத்தமிடும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது ஏற்ற வண்டி அல்ல.

சரக்கு வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக: சுசூகி கேரி, டாய்ஹட்சு ஹைஜெட், சுபாரு சாம்பர் ஆகியவை 1960களின் தொடக்கத்திலிருந்தே ஜப்பானிய வயல்வெளிகளின் உழைப்பாளிகள். ஓட்டுநரை முன் சக்கரத்தின் மேலேயே உட்கார வைத்துவிடுவதால், 3.4 மீட்டர் வண்டியில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளச் சரக்குத் தட்டு கிடைக்கிறது. 25 ஆண்டுகள் கடந்த வாகனங்களை இறக்குமதி செய்ய அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதால், இப்போது அங்குள்ள பண்ணைகளிலும் இவை ஓடுகின்றன.

நமக்குத் தெரிந்த கெய்கள்

தமிழ் வாசகர்களில் பலர் தம்மை அறியாமலேயே கெய் காரில் பயணம் செய்திருக்கிறார்கள். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, அடிப்படையில் சுசூகியின் கெய் கார்தான். ஜப்பானில் அந்த உடலுக்குள் 543 சிசி எஞ்சின் இருந்தது. அந்த வரம்பு பொருந்தாத இந்தியாவில் 796 சிசி எஞ்சினைப் பொருத்தினார்கள். 1984இல் வந்து பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற வேன், கேரியின் வடிவம். ஜிப்சி, கெய் பிரிவில் 1970இல் பிறந்த, சுசூகியின் ஜீப் வகை வண்டியான ஜிம்னியின் நீட்டப்பட்ட உறவு. இலங்கையில் நிலைமை வேறு. ஜப்பானைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடாகையால், ஜப்பானில் பயன்படுத்திய 660 சிசி வாகன்ஆர், எவ்ரி வேன் முதலியவை மாற்றம் ஏதுமின்றி அப்படியே இறக்குமதியாகின்றன.

சட்டத்தின் கட்டத்தைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கு 2018இல் வந்த ஜிம்னியே சிறந்த பாடம். கெய் வடிவத்தின் நீளம் 3,395 மில்லிமீட்டர், அகலம் 1,475. வரம்புக்கு ஐந்து ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு. ஜப்பானில் சியெரா என்ற பெயரில் விற்கப்படும் 1.5 லிட்டர் வடிவத்தில், அதே உடலின் சக்கர வளைவுகளின் மேல் அகலமான கறுப்புப் பட்டைகளும் முன்னும் பின்னும் பெரிய பம்பர்களும் சேர்க்கப்பட்டு, நீளம் 3,550ஆகவும் அகலம் 1,645ஆகவும் வளர்கிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டம் எங்கே கத்தரித்திருக்கிறது என்பது கோடு போட்டது போலத் தெரியும்.

இரு சக்கரத்தில் அதே தர்க்கம்

மோட்டார் சைக்கிள்களுக்கு நீள அகல வரம்பு முக்கியமில்லை. அங்கே கட்டத்தை வரைவது எஞ்சினின் கொள்ளளவு. 50 சிசி வரையிலான வண்டியைக் கார் உரிமம் வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின்னால் ஒருவரை ஏற்றக் கூடாது. 125 சிசி அடுத்த எல்லை. 250 சிசி வரை, செலவு பிடிக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை இல்லை. 400 சிசியைத் தாண்டினால் பெரிய வண்டிக்கான உரிமம் தேவை. ஜப்பானிய நிறுவனங்கள் 249, 399 என்ற எண்களை ஏன் அவ்வளவு விரும்புகின்றன என்பதற்கு விடை இதுதான். உரிம விதி 1975இல் மாறியபோது, 408 சிசியாக இருந்த ஹோண்டா சிபி400 ஃபோரின் எஞ்சினை 398 சிசியாகக் குறைத்துத் திரும்ப விற்றார்கள்.

இந்தக் கதையின் நாயகன் 1958 ஆகஸ்டில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் சி100. 49 சிசி, 4.5 குதிரைத்திறன், மூன்று கியர். நிறுவனத்தின் வணிகப் பொறுப்பில் இருந்த தாகேயோ ஃபுஜிசாவா, உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கியபடி மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று நினைத்தார். அந்த நிபந்தனையைத் தீர்த்த விதம்தான் இந்த வண்டியின் உயிர். சாதாரண மோட்டார் சைக்கிளில் இடது கை கிளட்ச் லிவரைப் பிடிக்க வேண்டும். கப் வண்டியில், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சில எடைகள் உள்ளே அடங்கியிருக்கும்; ஆக்ஸிலேட்டரைத் திருகிச் சுழற்சி கூடியதும் அவை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு, கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும்; வண்டி தானாக நகரும். கியர் மாற்றும்போது என்ன செய்வது? இடது காலின் கீழிருக்கும் மிதியின் அசைவில் முதல் பாதி கிளட்சை விடுவிக்கிறது, அடுத்த பாதி கியரை மாற்றுகிறது, காலை எடுத்ததும் கிளட்ச் மீண்டும் பற்றுகிறது. ஆக இடது கைக்கு வேலையே இல்லை. இண்டிகேட்டர் சுவிட்சைக்கூட வலது கைப்பிடியிலேயே வைத்தார்கள்.

சிலிண்டரை ஏறக்குறைய படுக்க வைத்ததால், சேலையோ கிமோனோவோ அணிந்தவரும் காலைத் தூக்காமல் நுழைந்து உட்காரும் தாழ்வான இடம் கிடைத்தது. காலுக்கு முன்னுள்ள கவசத்தைப் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். சேறும் காற்றும் தடுக்கப்பட்டன, எடையும் கூடவில்லை. இந்த வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது. வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையை அடைந்ததில்லை. ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட எம்டி90 இலங்கைத் தெருக்களில் பரிச்சயமான வண்டி. இந்தியாவில் 1997இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட், கப்பின் நேரடி வாரிசாக இருந்தும் நிலைக்கவில்லை. ஆனால் சிடி100, ஸ்ப்ளெண்டர் ஆகியவற்றின் படுத்த சிலிண்டர் எஞ்சின்கள் அதே குடும்பத்தின் கிளைகளே.

கப்பின் எஞ்சினை எடுத்து, சக்கரங்களை 5 அங்குலமாக்கினால் கிடைப்பது மங்கி. 1961இல் தோக்கியோ அருகே ஹோண்டா நடத்திய டாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்டுவதற்காக அது முதலில் செய்யப்பட்டது. 1967இல் சாலைக்கு வந்தபோது, காரின் டிக்கிக்குள் வைப்பதற்காக அதன் கைப்பிடிகள் மடங்கும்படி அமைக்கப்பட்டன. இதே எண்ணத்தின் முற்றிய வடிவம் 1981இல் வந்த மோட்டோகாம்போ: ஹோண்டா சிட்டி காரின் டிக்கி அளவுக்கென்றே செய்யப்பட்ட, கைப்பிடியும் இருக்கையும் உள்ளே மடங்கி நீள்சதுரப் பெட்டியாகிவிடும் 49 சிசி வண்டி. நடைமுறையில் 40 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியைத் தினமும் தூக்கி வைக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது வேறு கேள்வி.

50 சிசி பிரிவு இப்போது விடைபெறுகிறது. அவ்வளவு சிறிய எஞ்சினைப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்றதாக்குவது கட்டுப்படியாகாததால், 2025 ஏப்ரல் முதல், 125 சிசி வரையிலான எஞ்சினின் திறனை 4 கிலோவாட்டுக்குள் அடக்கினால் பழைய 50 சிசி உரிமத்திலேயே ஓட்டலாம் என்று விதி மாற்றப்பட்டது.

அலமாரிக்கு வரும்போது

சிறு மாதிரிகளின் உலகில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அளவு விகிதம். 1/24 என்றால் உண்மையான வாகனத்தின் ஒவ்வொரு நீளமும் 24இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்று பொருள். கெய் காரின் 3.4 மீட்டர், 1/24இல் ஏறத்தாழ 14.2 சென்டிமீட்டர், 1/43இல் 7.9, 1/64இல் 5.3. பாகங்களை நாமே பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் கிட்களில் கார்கள் பெரும்பாலும் 1/24இலும், மோட்டார் சைக்கிள்கள் 1/12இலும் வருகின்றன. இந்த எண்களின் வேர் அங்குலத்தில் இருக்கிறது: 1/12 என்பது ஓர் அடிக்கு ஓர் அங்குலம், 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 1.78 மீட்டர் நீளமுள்ள கப் வண்டி 1/12இல் 14.8 சென்டிமீட்டர், அதாவது 1/24 கெய் காரைவிட நீளம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் மோட்டார் சைக்கிள் காரைவிடப் பெரிதாக நிற்கும். உறவு சரியாகத் தெரிய வேண்டுமானால் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். சிட்டி காரின் 1/24 கிட்களில் மோட்டோகாம்போவும் உடன் வருவதுண்டு. அது 5 சென்டிமீட்டர்தான் இருக்கும், டிக்கிக்குள் சரியாக அடங்கும். ஒரே விகிதத்தில் கெய் காரையும் பெரிய அமெரிக்கக் காரையும் அருகருகே வைத்துப் பார்க்காதவர்களுக்குக் கெய் காரின் சிறுமை உண்மையில் புரிவதில்லை.

டோமிகா என்ற பெயரில் 1970 முதல் விற்கப்படும் உலோகப் பொம்மைக் கார்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை. அவற்றில் நிலையானது விகிதம் அல்ல, கைக்கு அடங்கும் அட்டைப்பெட்டி. பேருந்தும் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், கெய் காரும் அதை நிரப்ப வேண்டும். எனவே பேருந்து மிகவும் சுருங்குகிறது, கெய் கார் குறைவாகச் சுருங்குகிறது. காரைத் திருப்பினால் அடித்தட்டில் 1/57 என்றோ வேறு எண்ணாகவோ விகிதம் பொறிக்கப்பட்டிருக்கும். உண்மைக் கெய் காரைச் சட்டத்தின் கட்டம் உருவாக்கியது என்றால், பொம்மைக் கெய் காரை அட்டையின் கட்டம் உருவாக்குகிறது. விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பிய பெரியவர்களுக்காக, 2004 முதல் 1/64 அளவில் டோமிகா லிமிடெட் விண்டேஜ் என்ற தனி வரிசை வருகிறது.

நாமே ஒட்டிச் செய்யும் கிட்களில் புகழ்பெற்ற தாமியா, ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கும் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்தவை. மரவேலைக்குப் பெயர்போன பகுதி அது. தாமியாவே 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாதிரிகளைச் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறிய நிறுவனம். சுபாரு 360, ஹோண்டா என்360 ஆகியவற்றை 1/24இல் ஹசேகவாவும், சாம்பர் சரக்கு வண்டியை அவோஷிமாவும் தந்திருக்கின்றன.

உண்மைப் பொருளைச் சுருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை என்பதை கிட் செய்பவர் விரைவில் காண்பார். வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை 24ஆல் பெருக்கினால், 24 மில்லிமீட்டர் தடிமனான தகட்டில் கார் செய்ததாக ஆகும். உண்மையான தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சக்கர வளைவின் விளிம்பிலும் ஜன்னல் ஓரத்திலும் இந்தத் தடிமன் வெளிப்பட்டு 'பொம்மை' என்று காட்டிக்கொடுத்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் அந்த விளிம்புகளை மட்டும் உட்புறமாகக் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்த்து மெல்லியதாக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் கண் விளிம்பை வைத்தே தடிமனை ஊகிப்பதால் அது போதும். பெயிண்டிலும் இதே சிக்கல். உண்மைக் காரின் மெட்டாலிக் பெயிண்டை அப்படியே மாதிரியின் மேல் அடித்தால், அதிலுள்ள மினுமினுப்புத் துகள் ஒவ்வொன்றும் 24 மடங்கு பெரிதாகத் தோன்றும். அதனால்தான் மாதிரிகளுக்கென்று நுண்துகள் பெயிண்ட் தனியாக விற்கப்படுகிறது. சிறிய காரில் இந்தத் தவறுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், ஏனெனில் கண்ணைத் திசைதிருப்ப நீண்ட பானட்டோ குரோம் பட்டைகளோ அதில் இல்லை.

முதன்முதலாக ஒன்றைச் செய்ய விரும்புபவருக்கு என் பரிந்துரை: மோட்டார் சைக்கிளில் தொடங்க வேண்டாம். காரில் எஞ்சின் பானட்டுக்கு அடியில் மறைந்துவிடும். பைக்கில் எஞ்சின், செயின், கேபிள் எல்லாம் வெளியில் தெரியும், ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் தீட்டியாக வேண்டும். அவோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் வரிசையில் வரும் ஜிம்னி, பாகங்கள் ஏற்கெனவே நிறத்தில் வார்க்கப்பட்டு, பசையின்றிக் கையால் அழுத்திப் பொருத்தும்படி அமைந்தது. பாகங்களை வெட்டியெடுக்க ஒரு நிப்பர் (சிறு வெட்டுக்குறடு) போதும். பைக்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதே முறையில் பொருத்தக்கூடிய ஃபுஜிமியின் 1/12 சூப்பர் கப் 110 இருக்கிறது. கால்கவசம் எஞ்சினின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், பைக் கிட்களில் தொடக்கநிலையாளருக்கு மிகவும் இணக்கமானது அதுதான். தாமியாவின் 1/12 மங்கி 125ஐ அதற்குப் பிறகு, பசையும் பெயிண்டும் கைக்குப் பழகிய நிலையில் எடுத்துக்கொள்ளலாம்.